வாடகைக் கோபுரமும் சொந்தக் கோபுரமும்: ஜொகூரில் யூ மொபைல்

எத்தனை நிறுவனங்கள் களத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துக் கைப்பேசிச் சந்தையின் போட்டியை அளப்பது வழக்கம். மலேசியாவின் யூ மொபைலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு நிறுவனம் யாருடைய கோபுரத்தை நம்பித் தொழில் நடத்துகிறது என்பதே முதற்கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேக்சிசும் பின்னாளில் டிஜி ஆன முத்தியாராவும் 1995இல் சேவையைத் தொடங்கின. செல்காம் அவற்றுக்கு மூத்தது. யூ மொபைலின் முன்னோடியான எம்ஐடிவிக்கு 3ஜி அலைக்கற்றை கிடைத்தது 2006இல்தான். அதற்குள் மூத்தவர்கள் பெருநகரங்களில் வேரூன்றிவிட்டார்கள். பிந்தி வந்தவர் முதலில் செல்காமின் அலையை வாடகைக்கு எடுத்தார். 2011இல் மேக்சிசின் 3ஜி வலையமைப்பைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தார். வாடகைக்காரர் எவ்வளவுதான் விலையைக் குறைத்தாலும் அடக்கவிலையின் ஒரு பங்கு போட்டியாளரின் கையில் இருக்கும். வேகத்துக்கு வரம்பு வைத்துவிட்டுத் தரவை வரம்பின்றிக் கொடுத்த யூ மொபைலின் முன்கட்டணத் திட்டங்களை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். தாராளம் போலத் தெரிந்தாலும், நெரிசல் நேரத்தில் வலையமைப்பின் சுமையைக் கட்டுக்குள் வைக்கும் கணக்கு அது.

ஜொகூர் பாருவில் இந்தப் போட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டுலாங் கடற்கரையில் நிற்பவரின் கைப்பேசி சில நேரம் தானாகவே சிங்கப்பூர் அலைக்குத் தாவிவிடும். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து வலையமைப்பைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பவர்கள் உண்டு. கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கோலாலம்பூரில் அலை எப்படி என்பது இரண்டாம் கேள்வி. பாலத்தின் மறுகரையான உட்லண்ட்ஸில் எவ்வளவு செலவாகும் என்பதே முதற்கேள்வி.

5ஜியில் அரசு முதலில் எதிர்த்திசையில் நடந்தது. 2021இல் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட்டை அமைத்து, நாடு முழுமைக்கும் ஒரே மொத்த வலையமைப்பு என்றது. 2023இல் அந்தக் கொள்கை மாறியது. 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்பைக் கட்டும் பொறுப்பு யூ மொபைலுக்குக் கிடைத்தது. செல்காமும் டிஜியும் 2022இல் இணைந்து உருவான பெரிய நிறுவனத்துக்கும் மேக்சிசுக்கும் அது கிடைக்கவில்லை. அந்நியப் பங்கைக் குறைப்பதாக யூ மொபைல் அறிவித்தது. அப்போது அதன் பெரும் பங்குதாரராக இருந்தது சிங்கப்பூரின் எஸ்டி டெலிமீடியா. ஜொகூர் சுல்தானும், 2024 ஜனவரி முதல் மாமன்னருமான சுல்தான் இப்ராஹிமும் பங்குதாரர் என்பதால் தேர்வு குறித்துப் பொதுவெளியில் கேள்விகள் எழுந்தன. தேர்வுக்கான அளவுகோல்களைத் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விரிவாக வெளியிடுவதே அக்கேள்விகளுக்குச் சரியான விடை.

சொந்தக் கோபுரம் மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது. தமிழ்நாட்டில் வலுவாக வேரூன்றிய ஏர்செல்லை 2006இல் வாங்கியது இதே மேக்சிஸ். 2016இல் இந்தியச் சந்தைக்கு ஜியோ வந்தபின் விலைப்போர் மூண்டது. கடன் சுமையோடு இருந்த ஏர்செல் 2018இல் திவால் நடவடிக்கையை நாடியது. யூ மொபைலின் இரண்டாவது வலையமைப்பு ஜொகூர் பாருவிலும் இஸ்கந்தர் புத்ரியிலும் உண்மையான போட்டியை உருவாக்கக்கூடும். குளுவாங், சிகாமட் செம்பனைத் தோட்டங்களில் வாடிக்கையாளர் குறைவு. அங்கே இரண்டு கோபுரங்களை அடுத்தடுத்து நடுவது வீண்செலவு. கோபுரப் பகிர்வை உரிமத்தின் நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.