ஆடு புலி ஆட்டம் முதல் கணினித் திகில் ஆட்டம் வரை

வலிமை சமமில்லாத இரு தரப்பினர் மோதும் ஆட்டம் தமிழர்க்குப் புதிதன்று. கோயில் மண்டபத் தரைகளில் கட்டம் செதுக்கி ஆடப்பட்ட ஆடு புலி ஆட்டம் அத்தகையது.

இதில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகளால் வெட்ட முடியாது. புலிகளை நகரவிடாமல் அடைத்தால் அவற்றுக்கு வெற்றி. வலிமையை எண்ணிக்கை ஈடுசெய்கிறது. ஆனால் எல்லாக் காய்களும் கண்ணெதிரே இருக்கும்.

ஒரு தரப்பு மறைந்திருந்தால் என்ன செய்வது? 1983இல் ஜெர்மனியில் வெளிவந்த 'ஸ்காட்லாந்து யார்டு' பலகை ஆட்டம் ஒரு வழி காட்டியது. துப்பறிவோருக்குத் தெரியாமல் இலண்டனில் திரியும் 'மிஸ்டர் எக்ஸ்', 3, 8, 13, 18ஆம் நகர்வுகளில் தம் இடத்தைக் காட்டியாக வேண்டும்.

2016இல் வெளியான கனடா நாட்டுக் கணினி ஆட்டம் 'டெட் பை டேலைட்'. இதில் தப்பியோடுவோர் நால்வர், கொலையாளி ஒருவர். கொலையாளி நெருங்கினால் இதயத்துடிப்பு ஒலிக்கும். 'ரெய்த்' என்னும் கொலையாளி உருமறைந்து வருவார். ஆனால் மறைந்தபடியே தாக்க முடியாது. வெளிப்படப் பொதுவாக மணி ஒலிக்க வேண்டும். 2019இல் சேர்ந்த 'கோஸ்ட் ஃபேஸ்' பதுங்கி வருகையில், உற்றுப் பார்த்தால் அவரது மறைவு கலையும்.

மணியோசை அறவே இல்லையெனில் எதிராளிக்குத் தற்காக்க வழியில்லை, மிகுந்தால் அச்சமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவே சமநிலை. தோற்றவர் தம் பிழையை உணர முடிந்தால்தான் மறுபடி ஆட வருவார்.