டால் கொடுத்த குதிரை: இன்ஜின் காட்டும் எண் யாருக்கானது?

இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்தில் இருந்து தொடங்கலாம்.

1960 மார்ச், மாஸ்கோ, புஷ்கின் தியேட்டர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். வெள்ளைக் காய்களில் சாம்பியன் மிகைல் போட்வினிக், வயசு 48. கறுப்பில் ரீகா நகரத்துப் பையன் மிகைல் டால், வயசு 23. 21-ஆவது நகர்வில் டால் தன் குதிரையை எஃப்4 கட்டத்தில் கொண்டுபோய் வைக்கிறார். ஒரு சாதாரண சிப்பாய் அதை வெட்டலாம். அதாவது சும்மா கொடுக்கிறார். அரங்கத்தில் ஒரே சலசலப்பு. போட்வினிக்கால் யோசிக்க முடியவில்லை. கடைசியில் ஆட்டத்தையே மேடைக்குப் பின்னால் ஒரு மூடிய அறைக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

நான் இந்த ஆட்டத்தை முதலில் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில், லேப்டாப்பில், இன்ஜினை ஆன் பண்ணிக்கிட்டு. குதிரை எஃப்4க்குப் போனதும் ஓரத்தில் இருக்கிற அந்தப் பட்டை வெள்ளைக்குச் சாதகமாக ஏறியது. "அட, தப்பான மூவ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டேன். அரங்கமே எழுந்து பார்த்த ஒரு நகர்வை மூன்று வினாடியில் தள்ளிவிட்ட அந்தப் பையன் மேல எனக்கு இன்னைக்கும் கொஞ்சம் கோபம் இருக்கு.

ஏன்னா, அந்த எண் எந்தக் கேள்விக்கு வந்த பதில்னு நான் கேட்கவே இல்லை.

முதல்ல சாக்ரிஃபைஸ்னா என்னன்னு பார்த்துடுவோம். ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1935-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, போலியானது: காயைக் கொடுக்கிறோம், நாலு நகர்வில் வட்டியோடு திரும்பி வந்துவிடும், கணக்குப் போட்டே காட்டலாம். இன்னொன்று, நிஜமானது: கொடுக்கிறோம், திரும்ப வருமா என்று கடைசி வரை கணக்கிட முடியாது. நம்பித்தான் இறங்கணும். டாலின் குதிரை இரண்டாவது வகை.

இப்போ கம்ப்யூட்டர் பக்கம். 1950-இல் கிளாட் ஷானன் செஸ் நிரல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் தலா 3, சிப்பாய்க்கு 1. இதோடு சிப்பாய் அமைப்பு, காய்கள் நகர எவ்வளவு இடம் இருக்கு என்பதற்கும் கொஞ்சம் மதிப்பெண். எல்லாத்தையும் கூட்டினால் ஒரு எண். ஆனால் குதிரையின் 3-க்கு முன்னால் மற்றதெல்லாம் சில்லறை. அதனால் இப்படிப்பட்ட நிரலுக்கு நிஜமான சாக்ரிஃபைஸ் வெறும் நஷ்டம். கொடுத்த காய் அது தேடும் ஆழத்துக்குள் திரும்பி வந்தால் ஏத்துக்கும். ஒரு நகர்வு தள்ளி வந்தாலும் அதன் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. இந்தக் கோளாறுக்கு 1970-களில் ஹான்ஸ் பெர்லினர் "அடிவான விளைவு" என்று பெயர் வைத்தார்.

ஷானன் இன்னொரு விஷயமும் சொன்னார். எல்லா நகர்வையும் தேடுவது ஒரு வழி. மனிதர்களைப் போல, தேவையான சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஆழமாகப் பார்ப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழிக்காகப் பல வருஷம் உழைத்தவர் யார் தெரியுமா? அந்த மூடிய அறையில் தோற்ற போட்வினிக்!

அவர் தொழிலால் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், டாக்டர் பட்டம் பெற்றவர். 1961 மறுபோட்டியில் டாலை 13-8 என்று வீழ்த்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். 1970-இல் போட்டி ஆட்டத்தை விட்ட பிறகு "பயனியர்" என்ற நிரலில் முழுசா இறங்கினார். மாஸ்டர் ஒருவர் யோசிப்பது போலவே மெஷினும் யோசிக்கணும் என்பது அவர் ஆசை. 1995-இல் அவர் இறக்கும் வரை, பெரிய போட்டிகளில் ஜெயிக்கும் நிரலாக அது ஆகவே இல்லை. ஜெயித்தது முதல் வழி, எல்லாவற்றையும் தேடும் முரட்டு வழி.

அந்த வழியின் உச்சம் டீப் புளூ. 1997, நியூயார்க். வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் மெஷின். ஆறாவது ஆட்டத்தில், எட்டாவது நகர்வில், அது காஸ்பரோவுக்கு எதிராக ஒரு குதிரையைக் கொடுத்தது. 19 நகர்வில் காஸ்பரோவ் சரணடைந்தார். அப்போ மெஷின் டால் மாதிரி யோசிக்க ஆரம்பிச்சிடுச்சா? இல்லை. அந்த நகர்வு குழுவினர் முன்கூட்டியே ஏற்றி வைத்த தொடக்க ஆட்டப் பட்டியலில் இருந்து வந்தது. மெஷின் அதை எடைபோட்டு எடுக்கவில்லை. நம்பி இறங்கியது மனுஷங்கதான்.

உண்மையான மாற்றம் 2017-இல் வந்தது. ஆல்ஃபாஸீரோ காய்களுக்கு யாரும் கொடுத்த விலையை வைத்து எடைபோடவில்லை. தன்னோடு தானே லட்சக்கணக்கில் ஆடி, "இந்த நிலையில் இருந்து நான் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு" என்று கத்துக்கிட்டது. ஸ்டாக்ஃபிஷ் வினாடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது, இது 80 ஆயிரம்தான். ஆனாலும் 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா. அதில் பல ஆட்டங்களில் சிப்பாய்களையும் காய்களையும் தாராளமாகக் கொடுத்தது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷும் நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது. 2022 கடைசியில் வந்த பதிப்பில் எண்ணின் அர்த்தமே மாறியது. பிளஸ் 1 என்றால் "ஒரு சிப்பாய் அதிகம்" இல்லை, "ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு".

இங்கேதான் நிறுத்திக் கேட்கணும். யார் ஜெயிக்க? அந்தச் சதவீதம் ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடிய ஆட்டங்களில் இருந்து வந்தது. அதாவது இரண்டு பக்கமும் ஸ்டாக்ஃபிஷ் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்ற பதில். பயம் இல்லாத, சத்தம் கேட்காத இரண்டு பேருக்கான எண் அது.

அந்த மூடிய அறைக்குத் திரும்பப் போவோம். 24-ஆவது நகர்வில் டாலின் ராணி வெட்டு வாங்கும் இடத்தில் நிற்குது. அதை நகர்த்தாமல், டால் ஒரு சிப்பாயைத் தள்ளி போட்வினிக்கின் ராணியையும் பிஷப்பையும் ஒரே நேரத்தில் தாக்குகிறார். பிறகு வந்த ஆய்வுகள் கண்டுபிடித்த சரியான பதில்: எதிரில் கிடக்கும் ராணியைத் தொடாதே, பிஷப்பால் அந்தச் சிப்பாயை வெட்டு, இரண்டு நகர்வு கழித்து அதே பிஷப்பை பலகையின் நடுவுக்குக் கொண்டு வா. அப்போ வெள்ளைக்குத்தான் சாதகம். இன்ஜின் சொன்னது பொய் இல்லை.

போட்வினிக் ராணியை எடுத்தார். தோற்றார். உலக சாம்பியனே எடுத்தார்னா, அந்தப் பதில் எவ்வளவு கஷ்டம்னு பாருங்க. இன்ஜின் கேட்பது "பதில் இருக்கா?" டால் கேட்டது "உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷன், கடிகாரம் ஓடும்போது, அந்தப் பதிலைக் கண்டுபிடிப்பாரா?" இரண்டும் வேற வேற கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வியை இப்போதான் நிரல்கள் தொட ஆரம்பிச்சிருக்கு. 2020-இல் டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து மாயா என்ற நிரலைக் கொண்டு வந்தாங்க. சிறந்த நகர்வைத் தேடுவது அதன் வேலை இல்லை. 1100 முதல் 1900 வரை ரேட்டிங் உள்ள மனிதர்கள் எதை ஆடுவார்கள் என்று கணிப்பதுதான் வேலை. பாதித் தடவை சரியாகச் சொல்லுது. போட்வினிக் 1900 ஆள் இல்லைதான். ஆனால் கேள்வி சரியான திசைக்குத் திரும்பியிருக்கு.

கடைசியா என் கதை ஒன்று. மூணாவது வருஷம், ஒரு சின்ன டோர்னமென்ட். எனக்கு ஒரு பிஷப் சாக்ரிஃபைஸ் கண்ணில் பட்டது. கடைசி வரை கணக்குப் போட முடியலை. "இன்ஜின் இதைச் சிரிக்கும்" என்று தோணுச்சு. ஆடலை. மெதுவா நசுங்கித் தோத்தேன். ரூமுக்கு வந்து செக் பண்ணினா, இன்ஜினும் அந்த சாக்ரிஃபைஸ் தப்புன்னுதான் சொன்னது. எனக்கு ஒரே நிம்மதி. மறுநாள் மெஸ்ஸில் எதிராளி எதிரில் வந்து உட்கார்ந்து, "மச்சான், அந்த பிஷப்பை நீ கொடுத்துடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்டா. என்கிட்ட ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு" என்றான்.

அந்த ரெண்டு நிமிஷம் இன்ஜினோட கணக்கில் இல்லை. என் கணக்கில் இருந்திருக்கணும்.

இன்னைக்கு வேலையில் ஒரு மாடல் ஸ்கோர் என் ஸ்கிரீனில் வந்தால், அது பெரிசா சின்னதா என்று பார்ப்பதற்கு முன்னாடி, "இது யார் ஆடினால் வரும் எண்?" என்று ஒருமுறை கேட்டுக்கிறேன். நீங்களும் டாலின் அந்த ஆட்டத்தை ஒருதடவை இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. 25-ஆவது நகர்வில் நிறுத்தி, வெள்ளைக்கு நீங்க என்ன ஆடுவீங்கன்னு யோசிங்க. ராணியை எடுக்கக் கை போகும். என் கையும் போச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.