கணக்குக் கைமாறிய வரலாறு

திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில், மானாவாரி நிலங்களுக்கு நடுவே அமைந்திருக்கும் பனவடலிசத்திரத்தைப் போன்ற கிராமங்களில், அரை நூற்றாண்டுக்கு முன்பு, இந்த நிலம் யாருடையது, இவ்வருஷம் இதில் என்ன விளைந்தது, இதற்குத் தீர்வை எவ்வளவு என்ற மூன்று வினாக்களுக்கும் முதலில் விடை கூறும் அதிகாரம் ஒரே மனிதரிடம் இருந்தது. அவர் கிராமக் கர்ணம். ஊரார் வாயில் கணக்குப்பிள்ளை. புல எண் வாரியாகப் பயிர் விவரம் எழுதிய அடங்கலும், பட்டாதாரர் வாரியாக நிலத்தைத் தொகுத்த சிட்டாவும், புலப்படங்களும் பெரும்பாலும் அவர் வீட்டிலேயே இருந்தன. ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி வருஷத்தின் கணக்கு ஜமாபந்தியில் தணிக்கையாகும்போது, தணிக்கை அதிகாரி முன்னால் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு ஏட்டைப் பாராமலே பதில் சொல்லும் ஆற்றல் அவருக்குத் தந்தையிடமிருந்து வந்தது. அவர் தந்தைக்குப் பாட்டனாரிடமிருந்து வந்தது.

இன்று அதே வட்டாரத்தில், நெசவும் ஜவுளி வியாபாரமும் செழித்த சங்கரன்கோவில் போன்ற ஊர்களில், நாலைந்து கணினிகளையும் ஒரு சர்வரையும் வைத்துக்கொண்டு நடக்கும் சிறு ஸ்தாபனங்களை எடுத்துக்கொண்டால், அங்கும் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலையில் நாடெங்கும் ஜி.எஸ்.டி.யும் வந்தபோது, பேரேட்டை விட்டுக் கணினிக்கு வராத வியாபாரிகளும் வந்தேயாக வேண்டிய நிலை உண்டாயிற்று. கணினிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று பெருகியதும், காலையில் வேலைக்கு வருபவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டும்போது, இவர் உண்மையில் இன்னார்தானா, இவருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை உண்டு, இப்போது மணி என்ன என்ற மூன்று வினாக்களுக்கு விடை சொல்லும் ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. அதைத்தான் டொமைன் கண்ட்ரோலர் என்றும், அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட கணினிகளின் தொகுதியை டொமைன் என்றும் சொல்கிறார்கள். மணி என்ன என்பது அற்ப விஷயமன்று; இரண்டு இயந்திரங்களின் கடிகாரங்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேறுபட்டால், கெர்பெரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறை, வழக்கமான அமைப்பில், வந்தவரை உள்ளே விடுவதில்லை.

இந்த அதிகாரத்தின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0-இல் ஓர் இயந்திரமே முதல்வர். மற்றவை அதன் பிரதியை வைத்திருக்கும் துணைவர்கள். எழுதும் உரிமை முதல்வருக்கு மட்டுமே. 2000-இல் ஆக்டிவ் டைரக்டரி என்னும் புதிய முறை வந்ததும் எல்லாக் கண்ட்ரோலர்களும் எழுதும் உரிமை பெற்றன. ஆனால் பங்கிட முடியாத ஐந்து பொறுப்புகள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரே இயந்திரத்திடம் நின்றன. தரவின் அடிப்படை அமைப்பை மாற்றுவதும், புதிய டொமைனுக்குப் பெயர் சேர்ப்பதும், புதிதாக வருவோருக்கு அடையாள எண்களை அளந்து கொடுப்பதும், கடிகாரத்துக்கும் கடவுச்சொல் மாற்றங்களுக்கும் தலைமை தாங்குவதும், பிற டொமைன்களில் உள்ளவர்களைப் பற்றிய குறிப்புகளைச் சரிபார்த்து வைப்பதும் அந்த ஐந்து. சிறு நிறுவனங்களுக்கென்றே 75 பேர் வரை பயன்படுத்த வெளிவந்த ஸ்மால் பிசினஸ் சர்வரோ, இந்த ஐந்தும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று விதித்தது. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வரிசையின் கடைசி; அதற்கு அடிப்படையாயிருந்த விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுபோயின. அதற்குப் பின்னும் பழைய பெட்டியே ஓடிக்கொண்டிருக்கும் கடைகளில், அதன் இடத்துக்குப் புதியதைக் கொண்டுவருவது தள்ளிப்போடக் கூடாத வேலையாகிவிட்டது.

அந்த வேலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள், கோப்புகளை நகலெடுப்பது அதில் மிக எளிய பகுதி. புதிய சர்வரை முதலில் அதே டொமைனில் ஒரு சாதாரண அங்கமாகச் சேர்த்து, பிறகு கண்ட்ரோலராக உயர்த்தி, பழையதும் புதியதும் சில நாட்கள் அருகருகே இருந்து ஒன்றிடம் எழுதியது மற்றொன்றிடமும் தோன்றுகிறதா என்று சோதித்து, அதன் பின்னரே பொறுப்புகளை மாற்றுகிறார்கள். ‘நெட்டாம் குவெரி எஃப்.எஸ்.எம்.ஓ.’ என்று தட்டினால், எந்தப் பொறுப்பு எந்தச் சர்வரிடம் இருக்கிறது என்று கறுப்புத் திரையில் ஐந்து வரிகள் வரும். ஐந்திலும் பழைய சர்வரின் பெயரே நிற்கும். மாற்றியபின் மீண்டும் தட்டினால், ஐந்திலும் புதிய பெயர் நிற்க வேண்டும். ஒரு வரியில் பழைய பெயர் எஞ்சியிருந்தாலும் பழையதை அணைக்கலாகாது. பொது அமைப்புக் கோப்புகளைப் பிரதியெடுக்கும் பழைய முறையைப் புதிய முறைக்கு மாற்றும் வேலையிலும் இதே நிதானம் இருக்கிறது: தயார் செய்தல், திருப்பிவிடுதல், நீக்குதல் என்ற மூன்று படிகளில், முதல் இரண்டிலிருந்தும் பின்வாங்க இடமுண்டு, மூன்றாவதில் கால் வைத்த பிறகு இல்லை. 2019-ஆம் ஆண்டு சர்வர் பழைய முறையை ஏற்பதேயில்லையாதலால், இப்படிகளைத் தாண்டாமல் அதை டொமைனின் கண்ட்ரோலராக்க முடியாது.

பழைய சர்வர் திடீரென்று இறந்துபோனால் வேறு வழி ஒன்று உண்டு. அதன் சம்மதத்தைக் கேளாமல் பொறுப்புகளைப் பறித்துப் புதியதற்குக் கொடுத்துவிடலாம். அப்படிப் பறித்தபின் பழையதைப் பழுது பார்த்து மீண்டும் வலையில் இணைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இணைத்தால், ஒரே அடையாள எண்ணை இரண்டு இயந்திரங்கள் இரண்டு பேருக்குக் கொடுக்கும் விபரீதம் நேரலாம். மாற்றித் தருவதற்கும் பறிப்பதற்கும் உள்ள இந்த வேற்றுமையை எண்ணும்போதெல்லாம் என் மனம் 1980-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது.

அவ்வாண்டு நவம்பர் நடுவில், எம்.ஜி.ராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, ஓர் அவசரச் சட்டத்தின் வாயிலாகத் தமிழ்நாட்டின் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள், கர்ணமும் கிராம முன்சீப்பும் உட்பட, ஒரே நாளில் ஒழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் உடைமையாக இருந்த உத்தியோகம், தேர்வு எழுதித் தேறிய எவர்க்கும் கிடைக்கக்கூடிய கிராம நிர்வாக அலுவலர் பணியாக மாறியது பெரிய நன்மை. கர்ணத்தின் பேனா முனைக்குப் பயந்து வாழ்ந்த ஏழைக் குடியானவனுக்கு அது விடுதலையே. நோக்கத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் முறை, பறிக்கும் முறை. பழையவரும் புதியவரும் ஒரு பசலி வருஷமாவது அருகருகே அமர்ந்து ஒரு ஜமாபந்தியைச் சேர்ந்து நடத்த ஏற்பாடு இல்லை. ஏடுகள் கைமாறின; ஏட்டில் எழுதாத விஷயங்கள் கர்ணத்தோடு அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. அண்ணன் பெயரில் பட்டா இருந்தாலும் தம்பி அனுபவிக்கும் புன்செய் எது, புலப்படத்தில் காட்டாத வண்டிப்பாதை எந்த வரப்பின்மீது போகிறது, கண்மாய் நிறைந்த வருஷத்தில் எந்த மடையை முதலில் திறப்பது வழக்கம் என்பவை எந்தப் பதிவேட்டின் பத்தியிலும் அடங்காதவை. எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது நுழைந்த, இன்றும் மக்கள் ‘யூ.டி.ஆர். பிழை’ என்று சொல்லித் தாலுகா அலுவலகத்துக்கு அலையும் தவறுகளில் ஒரு பங்கேனும் இந்த இடைவெளியில் விளைந்தது என்பது என் கருத்து.

சிறு ஸ்தாபனத்தின் சர்வரிலும் எழுதாத விஷயங்கள் உண்டு. பல வருஷங்களுக்கு முன் வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவர் எழுதி வைத்த ஒரு சிறு கட்டளைக் கோப்பு காலைதோறும் பில்லிங் கோப்புறையை இணைத்துக்கொண்டிருக்கும். மாடியில் இருக்கும் ஸ்கேனர் பழைய சர்வரின் பெயரை நேரே தன்னுள் பதித்துக்கொண்டிருக்கும். கிடங்கில் உள்ள கணினி ஒன்று பெயர்களை முகவரியாக்கிக் கேட்கும் இடமாகப் பழைய சர்வரின் எண்ணையே வைத்திருக்கும். எந்தத் திரையிலும் இவற்றுக்குப் பட்டியல் வராது. பொறுப்புகளை மாற்றியபின் பழையதை உடனே தள்ளுபடி செய்யாமல், சில நாட்கள் அணைத்து மட்டும் வைத்து, யாருடைய வேலை எங்கே தடைப்படுகிறது என்று பார்த்து, தேவையானால் மீண்டும் ஏற்றி, எல்லாம் தீர்ந்தபின் அதைக் கிரமமாகப் பதவியிறக்கும் நிபுணர்களை நான் மிகவும் மதிக்கிறேன். பறித்த அதிகாரத்தில் இந்தச் சோதனைக்கு இடமேயில்லை.

1980-இல் முப்பது வயதில் பதவி இழந்த ஒரு கர்ணத்துக்கு இப்போது எழுபத்தைந்து வயது இருக்கும். நம் கிராமங்களில் அத்தகையவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வருகிற ஜமாபந்திக்கு முன்னால் ஒரு கிராம நிர்வாக அலுவலர் தம் ஊர்ப் புலப்படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து, ஒவ்வொரு புல எண்ணாகக் கேட்டு எழுதிக்கொள்வாரானால், நாற்பத்தைந்து வருஷமாக நின்றுபோயிருக்கும் ஒப்படைப்பில் ஒரு பகுதியாவது நிறைவேறும்.