புகுமுக வகுப்பின் வரலாறு

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த மாணவன் இடைநிலைப் பள்ளியில் நேரே முதலாம் படிவத்தில் சேராமல், ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில்வது பல்லாண்டுக் காலம் வழக்கமாக இருந்து வந்தது. நம்மில் பலர் அவ்வகுப்பைக் கடந்து வந்தவர்களே. அது ஏன் தோன்றியது, எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை இன்று காண்போம்.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களிலும் இத்தகைய பள்ளிகள் இருந்தன. ஆனால் ஆரம்பக் கல்வியோடு பெரும்பாலோர் படிப்பு முடிந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த ரயில்வே ஊழியரின் பிள்ளைகளுக்கு நகரத்து ஆங்கிலப் பள்ளிகள் அருகில் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவை எட்டாத தொலைவு.

1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், 1961-இல் கல்விச் சட்டமும் வந்தன. அரசு உதவி பெறும் இடைநிலைப் பள்ளிகளில் மலாயோ ஆங்கிலமோ பயிற்று மொழியாயிற்று. இடைநிலை நுழைவுத் தேர்வு 1964-உடன் நின்றது. 1965 முதல் எல்லாரும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றாயிற்று. கதவு திறந்தது, ஆனால் உள்ளே ஒலித்த மொழி வேறு! அந்த இடைவெளியை நிரப்பவே புகுமுக வகுப்பு. இங்கிலாந்துப் பள்ளிகளில் இரு படிவங்களுக்கு இடைப்பட்ட வகுப்புக்கு வழங்கிய 'ரிமூவ்' என்ற பெயரே இங்கும் வந்தது. ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மாறி, 1976-இல் முதலாம் படிவம் மலாய்மொழிக்கு வந்தபின், மலாய்ப் பயிற்சியே இவ்வகுப்பின் மையமாயிற்று.

மொழி மட்டுமே தடையாக இருந்த மாணவனுக்கு இந்த ஓராண்டு நல்ல பாலம். ஆனால் கணிதத்தில் கெட்டிக்காரனும், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுபவனும் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைப் படித்தார்கள். முன்னவனுக்கு ஓராண்டு தாமதம். பின்னவனுக்கோ அந்த ஓராண்டு போதவில்லை. நண்பர்கள் 17 வயதில் எழுதிய எஸ்.பி.எம். தேர்வை இருவருமே 18 வயதில் எழுத வேண்டியிருந்தது. பின்னர், 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெற்றவர்கள் நேரே முதலாம் படிவம் செல்ல முடிந்தது. வகுப்பில் எஞ்சியவர்களுக்கோ மொழிப் பயிற்சிக்கு மேலும் உதவி தேவைப்பட்டது.

பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. பார்வையற்ற பிள்ளைக்கு ஓராண்டு கூடுதலாகக் கொடுத்தால் மட்டும் போதுமா? பிரெய்ல் எழுத்தும் அதைக் கற்பிப்பவரும் வேண்டும். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும்.

இந்த உண்மையை நாடும் மெல்ல உணர்ந்தது. தொடக்க ஆண்டுகளிலேயே எழுத்தறிவுக் குறையைக் கண்டறிய 2010-இல் லினுஸ் திட்டம் வந்தது. மாற்றுத்திறன் கொண்ட எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்ற கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் கைவிடப்பட்டது.

பிள்ளை பின்தங்கினால், "இன்னும் ஓராண்டு படிக்கட்டும்" என்று சொல்வது எளிது. அந்த ஓராண்டில் யார், எதை, எப்படிக் கற்பிக்கப் போகிறார் என்று பெற்றோராகிய நாம் பள்ளியில் கேட்க வேண்டும். புகுமுக வகுப்பின் வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே.