பிணைத்தலும் பேணலும்

உடலுக்கு வரும் நோயை நாம் ஊரறியச் சொல்லுகின்றோம். நெஞ்சுவலி என்றால் உறவினர் நலம் விசாரிக்க வருகின்றனர்; பள்ளிவாசலில் துஆச் செய்யப்படுகின்றது. உள்ளத்துக்கு வரும் நோயை மட்டும் அடுத்த வீட்டாரும் அறியாவண்ணம் மறைக்கின்றோம். வீட்டிலே குமர் இருக்கிறது, சம்பந்தம் பேச வருவோர் தயங்குவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். இந்த மறைத்தலுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் மார்க்கம் கற்பித்த வரலாறன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவில்பட்டிக்கு அணித்தான பசுவந்தனையும் அதனைச் சூழ்ந்த கரிசல் ஊர்களும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் உண்டு. பொய்த்தால் தீப்பெட்டி வேலையும் அன்றாடக் கூலியுமே கதி. இத்தகைய குடும்பத்தில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், அவரைக் காத்துக்கொண்டு மற்றொருவர் வீட்டிலிருத்தல் எளிதன்று. ஒருவர் நோயினால் இரண்டு கூலிகள் போய்விடும்.

மருத்துவமோ தொலைவில் இருந்தது. சென்னையில் ஆங்கிலேயர் காலத்தில் 1794-ல் தோன்றிய மனநோயாளர் இல்லம், 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்றது. கரிசல் சீமையிலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே போய்ச் சேர்ந்தாலும் நெடுங்காலம் மருந்தென்று சொல்லத்தக்கது இருக்கவில்லை. கடும் மனநோயைத் தணிக்கும் குளோர்புரோமசின் என்னும் மருந்து மருத்துவர் கைக்கு வந்ததே 1952-ல்தான். ஆகவே நம் முன்னோர் விளாத்திகுளம், சாயல்குடி வழியே கிழக்கு நோக்கி ஏர்வாடிக்குப் பயணப்பட்டதை அறியாமை என்று எள்ளி நகையாடுதல் தகாது. அவர்களுக்குத் திறந்திருந்த வாசல் அது ஒன்றே.

மதீனாவிலிருந்து வந்து ஏர்வாடியில் அடங்கியிருப்பவராக மரபு போற்றும் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது அவர்களின் தர்ஹாவுக்கு முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துச் சகோதரர்களும் பிற சமயத்தாரும் தம் நோயாளிகளை அழைத்து வந்தனர். பிறர் விரட்டிய நோயாளிக்கு அங்கே நிழல் கிடைத்தது. அந்த நிழலின் மதிப்பை இன்றைய ஆய்வும் மறுக்கவில்லை. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளர்களைப் பெங்களூர் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டனர். சில வாரங்கள் அமைதியான சூழலில், குடும்பத்தார் உடனிருக்கத் தங்கியதிலேயே நோயின் கடுமை ஓரளவு தணிந்ததைக் கண்டனர். அங்கே சங்கிலியும் இல்லை, அடியும் இல்லை என்பது கருதத்தக்கது.

மார்க்கம் சொல்வது யாது?

சிந்தை தெளியும்வரை சித்தம் கலங்கியவர்மீது வினைப்பதிவேட்டின் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்த நெறி. உறங்குபவனையும் பருவமெய்தாக் குழந்தையையும் போல அவரும் குற்றம் சாட்டப்படாதவர். அறிவு முதிராதோரின் பொருளைப் பாதுகாத்து, அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, இனிய சொல் சொல்லுமாறு திருமறையின் நான்காம் அத்தியாயம் பணிக்கின்றது. இனிய சொல்லும் கடமையாக வைக்கப்பட்டதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ‘மஜ்னூன்’ என்னும் சொல்லை ஏசலாக எறிந்தவர் எவர்? நம் அண்ணலாரை மறுத்த மக்கத்து மாந்தரே. அந்த ஏசலை அல்லாஹ் தன் மறையிலேயே மறுத்துரைத்தான். அதே சொல்லால் நோயாளியைத் தெருவில் கேலி செய்யும் சிறுவரைக் கண்டும் நாம் வாளாவிருத்தல் முறையோ?

இந்நெறி ஏட்டோடு நிற்கவில்லை. எகிப்தை ஆண்ட அஹ்மது இப்னு தூலூன் ஒன்பதாம் நூற்றாண்டில் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளர்க்கும் இடமிருந்தது. அவர் நேரில் சென்று நோயாளர்களைப் பார்த்து வருவார். ஒருநாள் மனநோயாளர் ஒருவர் மாதுளங்கனி கேட்க, அதனை அளித்தார். பெற்றுக்கொண்டவரோ அதை அவர்மீதே எறிந்தார். அதன்பின் இப்னு தூலூன் அங்கு வருவதை நிறுத்தினாரேயன்றி, மருத்துவமனை நிறுத்தப்படவில்லை. வக்பு வருவாயில் அது தொடர்ந்து நடந்தது. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைது அல்-பல்கீ, காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றி உடலின் உள்மாற்றத்தால் எழும் துயரம் வேறு எனப் பகுத்துரைத்தார். துருக்கியின் எதிர்னே நகரில் இரண்டாம் பாயசீது சுல்தான் 1488-ல் எழுப்பிய மருத்துவமனையில் இசையும் நீரோசையும் மருந்தாகப் பயன்பட்டன. அக்கால மருத்துவமனைகளில் சங்கிலியே இருந்ததில்லை என்று பெருமை பேசுதல் உண்மையாகாது. மூர்க்கம் கொண்டோரைக் கட்டி வைத்ததும் உண்டு. ஆயினும், மனநோய் மருத்துவரின் பொறுப்பு, அதற்குச் சமுதாயம் பொருள் தரவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமிருக்கவில்லை.

ஏர்வாடித் தீ

அவ்வழி வந்த நாம் ஏர்வாடியில் கண்டதென்ன? நோயாளர் பெருகப் பெருக, தர்ஹாவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. அவை தர்ஹாவின் பகுதியல்ல. பணம் பெற்று நோயாளரைத் தங்க வைத்த இடங்கள். உறவினர் சிலர் விட்டுச் சென்றபின் திரும்பிப் பார்க்கவேயில்லை. 2001 ஆகஸ்டு 6-ம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகமொன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்தோட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

உச்சநீதிமன்றம் தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அரசு அக்காப்பகங்களை மூடியது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். பழியைத் தர்ஹாவின்மீது போட்டவர் உண்டு. காப்பக உரிமையாளரோடு முடித்துக்கொண்டவரும் உண்டு. ஆனால் அச்சங்கிலியின் ஒரு முனை நம் வீடுகளில் அல்லவா இருந்தது? வறுமையும் வெட்கமுமே அதைப் பூட்டின.

ஜப்பான் காட்டும் பாடம்

இவ்வெட்கம் ஏழை நாட்டுக்கும் ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதன்று. கல்வியிலும் தொழிலிலும் முன்னேறிய ஜப்பானும் இதே வழியில் நடந்த நாடுதான். அங்கும் ஓர் ஏர்வாடி இருந்தது. கியோத்தோ நகருக்கு வடக்கே இவாகுரா என்னும் சிற்றூரில் தாயுன்ஜி என்ற பௌத்தக் கோயில் உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் பேரரசர் ஒருவரின் மகளுடைய மனநோய் அங்கே நீங்கிற்று என்பது ஐதிகம். அதை நம்பி வந்த நோயாளரை அவ்வூரார் தம் இல்லங்களிலும் விடுதிகளிலும் தங்க வைத்துப் பேணினர்.

நாடு முழுவதும் அவ்வாறு இருக்கவில்லை. மனநோயாளரை அரசின் அனுமதியோடு வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கலாம் என 1900-ல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. அடைக்கும் பொறுப்பு குடும்பத்தாருடையது. குரே ஷூசோ என்னும் மருத்துவப் பேராசிரியர் தம் மாணவர்களை மாநிலந்தோறும் அனுப்பி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட அடைப்பறைகளை ஆராயச் செய்தார். 1918-ல் வெளியான அவ்வறிக்கை, மரச்சட்டங்களுக்குப் பின்னே ஒளியின்றிக் கிடந்தோரின் நிலையைப் படங்களோடு வெளிப்படுத்தியது. எனினும் வீட்டடைப்பு ஒழிந்தது 1950-ல்தான். அமெரிக்க ஆட்சியிலிருந்த ஒகினாவாத் தீவிலோ 1972 வரை நீடித்தது. அதற்குப் பின்னும் வீட்டறையிலிருந்து விடுபட்ட பலர் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட நேர்ந்தது. அழைத்துச் செல்ல மனமுள்ள குடும்பம் இல்லையேல் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

பெயரே பழியாக நின்றதை அந்நாட்டார் பின்னர் உணர்ந்தனர். ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்பட வழங்கிய பெயரை மருத்துவர் சங்கம் 2002-ல் நீக்கி, ‘ஒருங்கிணைவுக் கோளாறு’ என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டியது. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லவே கூசியிருந்த மருத்துவர்கள் அதன்பின் தயக்கம் குறைந்து சொல்லலாயினர். இனிய சொல்லைக் கடமையாக்கிய மறையை உடைய நமக்கு இது புதுமையாகத் தோன்றலாகாது.

நம் நாட்டிலும் காலம் மாறியிருக்கின்றது. 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கின்றது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்ஹாவில் 2008-ல் தொடங்கிய ‘தவா-துஆ’ ஏற்பாட்டைப் பின்பற்றி, ஏர்வாடியிலும் துஆவோடு மருந்தும் வழங்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மருத்துவம் கிடைக்கின்றது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறும் வசதியும் 2022 முதல் உள்ளது. கரிசல் காட்டுக் குடும்பத்துக்கு முன்போல் ஒரே வாசல் மட்டும் திறந்திருக்கவில்லை.

இறைவன் மருந்தில்லாமல் நோயைப் படைக்கவில்லை என்பது நபிமொழி காட்டும் நம்பிக்கை. அம்மருந்தைத் தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று. ஆகவே துஆச் செய்வோம். மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். ஜமாஅத்துகள் கலியாணத்துக்கும் மையத்துக்கும் கைகொடுப்பதுபோல், மனநோயாளி உள்ள வீட்டுக்கும் வண்டிக் கூலியும் மருந்துச் செலவும் கொடுத்து உதவட்டும். ஜும்ஆ மேடைகளில் இந்நோயின் பெயர் கூச்சமின்றி ஒலிக்கட்டும். சம்பந்தம் பேசப் போகும் பெரியவர்கள், ஒரு வீட்டில் நோயாளி இருப்பதைக் குறையாகக் கருதாமல், அவரை அவ்வீட்டார் எவ்வாறு பேணுகின்றனர் என்று பார்க்கட்டும். குடும்பத்தின் தரத்தை அறிய அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.