விருதுபட்டி விருதுநகரான வரலாறு

நம் ஊர்ப் பெயர்க்குக் காரணமாக வழங்கும் கதையை அன்பர்கள் அறிவர். பல ஊர்களை வென்று விருதுகள் தாங்கிவந்த வீரனொருவன் ஈங்கு வந்து அறைகூவினான் என்றும், இவ்வூரான் அவனை வெட்டி வீழ்த்தினமையின் விருதுவெட்டி என்னும் பெயருண்டாகிப் பின் விருதுபட்டி எனத் திரிந்தது என்றும் பெரியோர் கூறுவர். பட்டி என்பது சிற்றூரைக் குறிக்கும் பழஞ்சொல். இவ்வட்டாரத்தில் பட்டிகள் பலவுள. அவற்றிலெல்லாம் எவரும் எவரையும் வெட்டியதாக யாம் கேட்டிலேம். கதை இருந்துபோக. சிற்றூர் பேரூரானதற்கு வாள் காரணமன்று என்பதே எமது துணிபு.

நிலமும் காரணமன்று. வானம் பார்த்த கரிசல். கௌசிக நதியோ ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பது. பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் விளையும். தென்பாண்டிச் சீமையினின்று கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிவந்த நம் முன்னோர், வழிப்பறிக்கு அஞ்சி, வண்டியும் மாடும் சரக்கும் காவலோடு தங்குதற்குச் சுவரெடுத்துப் பேட்டைகள் அமைத்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) பருத்தி விலை உயர்ந்ததும், 1876ஆம் ஆண்டளவில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியதும் பேட்டைகட்குப் பெருவாழ்வளித்தன. பருத்தி அரைவை ஆலைகளும் பஞ்சைப் பொதியாய் அழுத்தும் ஆலைகளும் எழுந்தன; மாட்டுச் செக்கு நின்றவிடத்து எண்ணெய் ஆலைகளும், பின்னர்ப் பருப்பு ஆலைகளும் தோன்றின. விருதுநகர்ச் சந்தை விலையை நாளிதழ்கள் வெளியிடும் நிலையும் வந்தது.

ஆயின், இருப்புப்பாதை பல ஊர்களின் வழியே சென்றது, அவையெல்லாம் நகரங்களாயினவோ? இவ்வூர்க்கு வாய்த்த தனிச்சிறப்பு மகமை. வாங்குவதிலும் விற்பதிலும் மூட்டைக்கு இவ்வளவு என ஒரு சிறு தொகையை வணிகர் தாமே தம்மீது விதித்துக்கொண்டு உறவின்முறைப் பொதுவில் சேர்த்தனர். அரசன் விதித்த வரியன்று இது, கொடாதவனைச் சிறையிலிடுவாருமில்லை. அப்பொதுப் பணம் கோயிற்கும் கிணற்றிற்கும் சத்திரத்திற்கும் பயன்பட்டது. பிறர் ஆலயங்களில் நமக்கு வாயில் அடைபட்டிருந்த காலம் அது என்பதை இளைஞர் மறத்தலாகாது. 1899இல் சிவகாசி தீக்கிரையாயிற்று. கமுதிக் கோயில் வழக்கு 1908இல் பிரிவி கவுன்சிலில் நமக்கு மாறாகவே முடிந்தது.

அத்தீர்ப்பிற்கு இருபத்துமூன்றாண்டு முன்னரே, 1885இல், நம்மவர் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் திறந்துவிட்டனர். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு கலத்திலிட்டு வைப்பது அந்நாளில் வீட்டுப் பெண்டிர்க்கு வழக்கம். வீடுதோறும் திரட்டிய அப்பிடியரிசி கல்விக்குத் துணையாயிற்று. 1903இல் இவ்வூரிற் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியில். மகமை ஆடவர் கொடை. பிடியரிசி மகளிர் கொடை. ஆலைக்கும் வங்கிக்கும் வரலாறு எழுதுவோர் அவ்வரிசிக் கலயத்தை ஒரு வரியிற்கூடக் குறியாமை எமக்கு வருத்தம் தருவதொன்று.

1923இல் விருதுபட்டி விருதுநகரெனப் பெயர் மாறியது. அதே ஆண்டிற் சிவகாசியில் நம்மவரால் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அது பிறிதொரு கட்டுரைக்குரியது. பட்டியை நகராக்கிய இவ்வூரிலேதான், சென்னை இராச்சியத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடல் வேண்டுமெனச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்தார்; அந்நோன்பாலேயே பின்னர் மதுரை மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்பெயர் 1969இல் நடைமுறைக்கு வந்தது. திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து 1910இல் இராமநாதபுரம் ஜில்லாவிற் சேர்ந்த இவ்வூர், 1985இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று.

இனி ஒரு வேண்டுகோள். மகமைக் கணக்கு நோட்டுகளையும் பிடியரிசி வரவுக் குறிப்புகளையும் தம் வீட்டுப் பரணில் வைத்திருப்பார் உளராயின், வீடு இடித்துக் கட்டுங்கால் அவற்றைப் பழந்தாளென்று எடைக்குப் போடாது, சங்கத்திற்கு அனுப்பியருளுக. கறையான் அரித்திருப்பினும் குற்றமில்லை. எஞ்சிய எழுத்துகளைப் படியெடுத்து உதவ யாம் சித்தமாயிருக்கின்றோம்.