பார்க்கின்சன் நோயில் மருத்துவக் கவனிப்பின் தரம்

பார்க்கின்சன் நோய் அல்லது நடுக்குவாதம் என்பது நடுமூளையில் டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் ஏற்படும் நோயாகும். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதனை விவரித்தார். இதனை முற்றாகக் குணப்படுத்தும் மருத்துவம் இன்னும் இல்லை. எனவே நோயாளர் எத்தனை காலம் பிறர் துணையின்றி நடந்து, உண்டு, பேசி வாழ்வார் என்பது அவர் பெறும் கவனிப்பைப் பெரிதும் சார்ந்துள்ளது.

மருந்து வேளை

முதன்மை மருந்தான லெவோடோப்பா இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதில்லை. கார்பிடோப்பாவுடன் சேர்த்துக் கொடுத்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில் எஞ்சியுள்ள நரம்பணுக்கள் டோப்பமினைச் சேமித்து இக்குறையை ஈடுசெய்கின்றன. நோய் முற்றியபின் அச்சேமிப்பு இராது. ஆகவே சிலர் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை, குறித்த நேரத்தில் மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது. வேளை தவறினால் உடல் விறைக்கும். விழுங்குவது கடினமாகி, உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சி உண்டாகலாம். மருந்து திடீரென நின்றுபோனால், அரிதாக, கடுங்காய்ச்சலும் நினைவுக் குழப்பமும் கூடிய உயிராபத்தான நிலை ஏற்படுவதுண்டு.

வீட்டில் கடிகாரம் பார்த்து மருந்து உட்கொள்பவர், எலும்பு முறிவு போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேரும்போதே சிக்கல் தொடங்குகிறது. காலை, மதியம், இரவு என்னும் பொது முறைக்குள் அவரது மருந்தும் அடக்கப்படுகிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதைத் திருத்தத் தேவையில்லை. செவிலியருக்குக் காரணம் தெரிந்திருந்தால் போதும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுத் தரநிலை, நோயாளருக்குக் குறிக்கப்பட்ட நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் லெவோடோப்பா வழங்கப்பட வேண்டும் என்கிறது. வாய்வழி உட்கொள்ள இயலாதவருக்கு மூக்குவழிக் குழாய் மூலம் லெவோடோப்பாவைக் கொடுக்கலாம். அல்லது அதற்கு மாற்றாக ரொட்டிகோட்டின் என்னும் மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டலாம்.

தவிர்க்க வேண்டிய மருந்துகள்

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெராசின், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஆகியவை மூளையில் டோப்பமினின் செயலைத் தடுப்பதால் நோயை மோசமாக்குகின்றன. இவை மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் மருந்துகள் என்பதே இதிலுள்ள அபாயம்.

சிறப்பு மருத்துவம்

அமெரிக்காவில் மெடிக்கேர் காப்பீடு பெற்ற முதியோரைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வொன்றில், நரம்பியல் மருத்துவரிடம் சென்றவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவும் இறப்பும் குறைவாகக் காணப்பட்டன. பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் அத்தகைய கவனிப்பைக் குறைவாகவே பெற்றிருந்தனர். நெதர்லாந்தில் 2004இல் தொடங்கப்பட்ட பார்க்கின்சன்நெட் என்னும் வலையமைப்பு, இந்நோயில் தனிப்பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் உள்ளிட்டோரை வட்டாரவாரியாக இணைக்கிறது. அவ்வாறு பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்களிடம் சென்றவர்களுக்கு நோய்ச்சிக்கல்களும் செலவும் குறைவாக இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.